வாய் திறக்காத தீர்ப்பு

நாவல் எழுதுகிறவனுக்குக் கால்பந்து மைதானத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் நான் எழுதப்போவது காத்திருக்கும் ஜனங்களைப் பற்றி. ஜனங்களைக் காக்கவைக்கும் கலையில் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. தொடர்கதையின் அத்தியாயம் முடியும் இடத்தில் நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. தட்டியது யார் என்று சொல்லாமல் 'தொடரும்' என்று போட்டுவிட்டு நாங்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறோம். அந்த அக்கிரமத்துக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு: அடுத்த வாரம் கதவைத் திறந்தே ஆகவேண்டும். திறக்காமலே 'முற்றும்' போட்டுவிட்டால் வாசகர் குடையோடு பத்திரிகை ஆபீசுக்கு வந்துவிடுவார். குடை மழைக்காக அல்ல.

ஐரோப்பியக் கால்பந்து நிர்வாகஸ்தர்கள் ஆண்டுக்கணக்கில் செய்துவந்தது இந்தக் காரியத்தைத்தான். கதவைத் தட்டுவார்கள், திறக்கமாட்டார்கள்.

விஷயம் பழக்கமில்லாத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. கால்பந்தாட்டத்தில் மைதானத்துக்குள் ஓடும் நடுவர் ஒருவர். கோட்டோரம் கொடி பிடிக்கும் துணை நடுவர்கள் இருவர். இவர்கள் கண்ணுக்குத் தப்புவதைப் பிடிப்பதற்காக, டெலிவிஷன் படங்களுக்கு முன்னால் இன்னொருவரை உட்கார வைத்தார்கள். வீடியோ நடுவர் என்று பெயர். ஜெர்மனியும் இத்தாலியும் 2017-18 பருவத்திலேயே இதைத் தொடங்கின. 2018 மார்ச்சில் ஆட்ட விதிகளை வகுக்கும் சர்வதேச சபை இதற்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது. அந்த ஆண்டே ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில் இது அமலாயிற்று. இங்கிலாந்தின் பிரிமியர் லீக் 2019-20 பருவத்தில் சேர்ந்துகொண்டது. அன்று வகுத்த விதிப்படி வீடியோ நடுவர் தலையிடக்கூடிய சங்கதிகள் நான்கு: கோலா இல்லையா; பெனால்டியா இல்லையா; நேரடிச் சிவப்பு அட்டை; ஒருவன் செய்த குற்றத்துக்கு இன்னொருவனைத் தண்டித்துவிடும் ஆள்மாறாட்டம்.

இந்த ஏற்பாட்டையே ஒழித்துக்கட்டவேண்டும் என்று கொடி பிடிப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. 2009 நவம்பரில் பாரிஸ் நகரத்தை ஒட்டிய மைதானத்தில் தியரி ஆன்ரி பந்தைக் கையால் தடுத்து நிறுத்திக் கொடுக்க, அதிலிருந்து விழுந்த கோலினால் அயர்லாந்து உலகக் கோப்பைக்குப் போகாமல் நின்றுபோயிற்று. வீட்டில் உட்கார்ந்திருந்த உலகம் முழுவதும் பார்த்த குற்றத்தை அங்கே நின்ற நடுவர் மட்டும் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட அநியாயத்துக்கு மருந்து வேண்டும் என்றால், சரி, மருந்து வரட்டும். நோயாளியிடம் என்ன மருந்து என்றுகூடச் சொல்லாமல் வாயைப் பிளந்து ஊற்றுகிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

நடப்பது என்ன என்று பாருங்கள். ஒரு கோல் விழுகிறது. 60,000 பேர் எழுந்து குதிக்கிறார்கள். முன்பின் அறியாத இருவர் கட்டிப் புரளுகிறார்கள். தகப்பன் பிள்ளையைத் தோளுக்குமேல் தூக்குகிறான். அப்போது நடுவர் காதில் விரலை வைத்துக்கொண்டு சிலையாக நிற்கிறார். கூச்சல் அடங்குகிறது. ஒரு நிமிஷம் போகிறது. இரண்டு நிமிஷம் போகிறது. எங்கோ தொலைவில், லண்டனுக்கு மேற்கே ஸ்டாக்லி பார்க் என்ற இடத்தில், ஓர் அறைக்குள் சிலர் கோடு கிழித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எதற்காகக் கோடு? ஆஃப்சைடா? கையில் பட்டதா? கோலுக்கு முன்னால் எவனாவது எவனையாவது இடறினானா? மைதானத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. கடைசியில் நடுவர் இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு சதுரம் வரைகிறார். அது டெலிவிஷன் பெட்டியாம்! பிறகு கையை ஒரு பக்கம் நீட்டுகிறார். கோல் இல்லை. ஏன் இல்லை? சதுரத்தைக் கேளுங்கள்.

இதே நேரத்தில் வீட்டுச் சோபாவில் காலை நீட்டிக்கொண்டிருப்பவனுக்கு எல்லாம் தெரியும். அவனுக்கு ஐந்து கோணங்களில் படம் வருகிறது. வர்ணனையாளர்கள் இருவர் வாதாடுகிறார்கள். ஓய்வுபெற்ற நடுவர் ஒருவர் விதியை விளக்குகிறார். டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்து, ரயிலேறி, மழையில் நனைந்து நேரில் வந்தவன், பையிலிருந்து டெலிபோனை எடுத்து, வீட்டில் இருக்கும் மைத்துனனிடம், "இங்கே என்ன நடக்கிறது?" என்று கேட்கிறான். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறவன் சாம்பார் வந்துவிட்டதா என்று தெருக்கோடி வீட்டுக்காரரிடம் விசாரிப்பது போன்ற விபரீதம் இது.

கோயிலில் அலங்காரத்துக்குத் திரை போடுகிறார்கள். அங்கேயும் கூட்டம் காத்து நிற்கிறது. ஆனால் திரைக்குப் பின்னால் நடப்பது என்ன என்பது பாட்டிக்கும் தெரியும், பேரனுக்கும் தெரியும். திரை விலகும்போது மணியும் மேளமும் சொல்லிவிடும். மறைப்பிலும் ஒரு மரியாதை இருக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்குக் கிரிக்கெட் அனுபவம் இருப்பதால் இதை எளிதில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1992 நவம்பரில் டர்பன் நகரத்து டெஸ்டில் முதன்முதலாக மூன்றாவது அம்பயர் படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். அவுட்டாகி வெளியேறியவர் சச்சின் டெண்டுல்கர். அதற்குப் பிறகு கிரிக்கெட்டில் அந்தக் காத்திருப்பே ஒரு காட்சியாகிவிட்டது. பந்து மட்டையில் பட்டதா, எங்கே விழுந்தது, ஸ்டம்பில் மோதியிருக்குமா என்று படிப்படியாகப் பெரிய திரையில் வருகிறது. ஒவ்வொரு படிக்கும் கூட்டம் 'ஓ' என்கிறது. தீர்ப்பு பாதகமாக வந்தாலும், நீதிபதி எந்த வழியாக அங்கே போய்ச் சேர்ந்தார் என்பதைக் கூடவே நடந்து பார்த்த திருப்தி இருக்கிறது. கால்பந்துக்காரர்களோ 2019-ல் இங்கிலாந்தில் இதைத் தொடங்கியபோது, லிவர்பூலின் ஆன்ஃபீல்டிலும் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டிலும் படம் காட்டும் பெரிய திரைகூட இல்லை. இந்த இரண்டும் அந்நாட்டின் மகா க்ஷேத்திரங்கள்! கர்ப்பக்கிருகத்துக்கு மின்சார விளக்குப் போட்டுவிட்டு, பிராகாரத்தை இருட்டில் விட்ட கதைதான்.

வெறும் குறைபாடு என்று இதைத் தள்ளிவிட முடியாது. சில நேரங்களில் இது கேலிக்கூத்தின் எல்லையைத் தொட்டிருக்கிறது. 2018 ஏப்ரல் 16-ஆம் தேதி, ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்தில் ஃப்ரைபர்க் குழுவுடன் ஆட்டம். முதல் பாதி முடிந்து நடுவர் ஊதிவிட்டார். ஃப்ரைபர்க் ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறைக்குப் போய்விட்டார்கள். ரஸிகர்கள் கை கால் கழுவவும் தின்பண்டம் வாங்கவும் எழுந்துவிட்டார்கள். அப்போது கொலோன் நகரத்து அறையிலிருந்து நடுவர் காதுக்குச் சேதி வருகிறது: ஃப்ரைபர்க் ஆட்டக்காரர் கையில் பந்து பட்டிருக்கிறது, பாருங்கள் என்று. நடுவர் படத்தைப் பார்த்தார். பெனால்டி என்று தீர்மானித்தார். உள்ளே போனவர்களை மறுபடி வெளியே வரவழைத்தார். பாப்லோ டி பிளாசிஸ் பந்தை உதைத்தார், கோல். அதற்குப் பிறகு எல்லோரும் மறுபடி இடைவேளைக்குப் போனார்கள்.

சட்டப்படி பார்த்தால் அந்தத் தீர்ப்பில் பிழை இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. பந்து கையில் பட்டது வாஸ்தவம். ஆனால் அங்கே தின்பண்ட வரிசையில் நின்றுகொண்டிருந்த மனிதனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வாங்கிய ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறான். அவன் கட்சி ஒரு கோல் முந்தியிருக்கிறது. இடைவேளையில் கோல் எப்படி விழும்? அவனுக்குச் சொல்வார் யார்? ஜெர்மன் ரஸிகர்கள் அந்த அறைக்குக் 'கொலோன் நிலவறை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைக்கிற விஷயத்தில் ஜனங்கள் தவறு செய்வதே இல்லை. வெளிச்சமில்லாத இடத்திலிருந்து கட்டளை வந்தால் அதை வேறு எப்படித்தான் அழைப்பது?

கேலிக்கு இடமில்லாத சந்தர்ப்பமும் உண்டு. 2024 ஏப்ரல் 21-ஆம் தேதி, லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்துக் கோப்பையின் அரையிறுதி. இரண்டாம் தரத்தில் ஆடும் கவென்ட்ரி ஒரு பக்கம். மான்செஸ்டர் யுனைடெட் மறுபக்கம். கவென்ட்ரி மூன்று கோல் பின்தங்கியிருந்தது. கடைசி இருபது நிமிஷத்தில் மூன்றையும் திருப்பிக் கொடுத்து, ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்கு இழுத்துச் சென்றது. கூடுதல் நேரமும் தீர்ந்து 121-ஆவது நிமிஷத்தில் விக்டர் டார்ப் பந்தை வலைக்குள் தள்ளினார். அந்த ஊர்க்காரர்கள் அடைந்த ஆனந்தத்தை எழுத எனக்குத் தெம்பில்லை. நாவலாசிரியன் கற்பனை செய்திருந்தால் மிகை என்று நீங்களே தள்ளியிருப்பீர்கள். சிறிது நேரத்தில் அந்தக் கோல் இல்லை என்று ஆகிவிட்டது. பந்தைக் கொடுத்த ஹாஜி ரைட் ஆஃப்சைடாம். நூல் அகல வித்தியாசம். பிறகு பெனால்டி உதைகளில் யுனைடெட் ஜெயித்தது.

கோடு சரியா தப்பா என்று நான் வாதாட வரவில்லை. ஓர் ஊர் தன் ஆயுளில் ஒரு தரம் காணக்கூடிய சந்தோஷத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்போது, அதை வாங்குகிறவர் அவர்களைப் பார்த்து ஒரு வாக்கியம் பேசவேண்டாமா? "இன்ன காரணத்தால் இந்தக் கோலை ரத்து செய்கிறேன்" என்று? சம்மன் கொண்டுவரும் அமீனாகூட வாசலில் நின்று பெயரைக் கேட்டு, இன்ன வழக்கு என்று சொல்லிவிட்டுத்தான் காகிதத்தை நீட்டுகிறான். அன்றைக்கு இங்கிலாந்தில் நடுவர் கூட்டத்தைப் பார்த்து வாய் திறந்து பேசும் வழக்கமே வரவில்லை.

இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் என்னவென்றால், இந்தப் பாடத்தைக் கால்பந்து ஏற்கெனவே ஒரு தரம் படித்துத் தேறியிருக்கிறது. 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் அதே வெம்ப்ளியில் மோதின. நடுவர் ஜெர்மானியர். அர்ஜென்டினாவின் தலைவர் ஆன்டோனியோ ராட்டினை வெளியே போகச் சொன்னார். ராட்டினுக்கு ஜெர்மன் தெரியாது; நடுவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. ராட்டின் போகமாட்டேன் என்று நின்றுகொண்டு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டார். ஆட்டம் நிமிஷக்கணக்கில் நின்றது. இங்கிலாந்தின் சார்ல்டன் சகோதரர்களை நடுவர் எச்சரித்திருந்தார் என்பதே பின்னால் பத்திரிகை மூலம்தான் தெரியவந்தது என்பார்கள். நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேயர் இதை யோசித்துக்கொண்டே லண்டன் தெருவில் கார் ஓட்டிப் போனார். சாலை விளக்கு மஞ்சளாகிச் சிவப்பாயிற்று. அவர் மனத்திலும் விளக்கு எரிந்தது. 1970-ல் மெக்ஸிகோ உலகக் கோப்பையில் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் வந்துவிட்டன.

அந்த அட்டைகளின் மகிமையை நினைத்துப் பாருங்கள். எந்தப் பாஷைக்காரனுக்கும் புரியும். கடைசி வரிசையில் உத்தரத்துக்குக் கீழே நிற்கும் பையனுக்கும் புரியும். குற்றம் இது, தண்டனை இது என்று ஒரு கணத்தில் தெரிந்துவிடும். இரண்டு துண்டு அட்டை. காசு செலவே இல்லை. நடுவர் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த அதிகாரத்தை எடுத்து ஊர் முழுக்கப் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தார் அந்த மனிதர். ஒரு ஜோடிக் காகிதத்தால் இதைச் சாதித்த ஆட்டம், எண்ணற்ற காமிராக்களையும் கம்பியில்லாக் கருவிகளையும் வாங்கிய பிறகு ஊமையாகிவிட்டது.

ஏன்? திறமையில்லாமலா? நான் நம்பமாட்டேன். யாருக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்தார்களோ அவர்களுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். 2023 டிசம்பரில் பிரிமியர் லீக் தன் நாட்டு டெலிவிஷன் உரிமையை நான்கு பருவங்களுக்கு 670 கோடி பவுனுக்கு விற்றது. அவ்வளவு பணம் கொடுத்தவன் வீட்டுத் திரையில் விளக்கம் இல்லாமல் இருக்குமா? டிக்கெட் வாங்கியவன் எங்கே போவான்! அவன் தாத்தா காலத்திலிருந்து அந்தக் குழுவுக்கு அடிமை. விலை ஏறினாலும் வருவான், விளக்கம் இல்லாவிட்டாலும் வருவான்.

ஆனால் அந்த அடிமை இல்லாமல் ஆட்டம் என்ன ஆகும் என்பதை அவர்கள் ஒரு தரம் பார்த்தார்கள். 2020 ஜூனில், தொற்றுநோய்க் காலத்தில், காலி மைதானங்களில் ஆட்டம் மறுபடி தொடங்கியது. டெலிவிஷனில் பார்த்தால் மயானம் மாதிரி இருந்தது. உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? பதிவு செய்து வைத்திருந்த கூட்டத்தின் கூச்சலை எடுத்து ஒளிபரப்பில் கலந்தார்கள்! மனிதர்கள் வரமுடியாதபோது அவர்களுடைய குரலைக் கடன் வாங்கிப் பிழைத்தவர்கள், அந்த மனிதர்கள் நேரில் வந்து உட்கார்ந்ததும் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்றார்கள். உங்கள் கூச்சல் வேண்டும். உங்கள் கேள்வி வேண்டாம்!

நல்ல காலமாக, கதவு இடுக்கில் கொஞ்சம் வெளிச்சம் வந்திருக்கிறது. 2023 ஜூலை 20-ஆம் தேதி நியூஸிலாந்தின் ஆக்லாந்தில் பெண்கள் உலகக் கோப்பையின் முதல் ஆட்டம். நியூஸிலாந்தும் நார்வேயும் ஆடின. ஜப்பானிய நடுவர் யோஷிமி யமாஷிடா ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, ஒலிபெருக்கி வழியாக, இன்ன எண் ஆட்டக்காரர் கையில் பந்து பட்டது, ஆகவே பெனால்டி என்று அறிவித்தார். 42,000 பேருக்கு மேல் கேட்டார்கள், ஆரவாரம் செய்தார்கள். அந்தப் பெனால்டி கோல் கம்பத்தில் பட்டு வீணானது வேறு விஷயம். இங்கிலாந்தில் 2025 ஜனவரி 8-ஆம் தேதி, டாட்டன்ஹாமும் லிவர்பூலும் மோதிய லீக் கோப்பை அரையிறுதியில், ஸ்டூவர்ட் அட்வெல் என்ற நடுவர் டொமினிக் சொலாங்கேயின் கோல் ஆஃப்சைட் என்று மைக்கில் சொன்னார். அந்நாட்டுத் தொழில்முறைக் கால்பந்தில் நடுவர் குரல் கூட்டத்துக்குக் கேட்டது அதுவே முதல் தரம். அதே பிப்ரவரியில் ஜெர்மனியும் சில மைதானங்களில் பரீட்சை செய்யத் தொடங்கியது. 2025-26 பருவத்திலிருந்து பிரிமியர் லீகிலும் இது வழக்கமாயிற்று.

இதற்கு வந்த ஆட்சேபங்களைக் கேட்டால் சிரிப்பு வருகிறது. நடுவர்கள் என்ன, மேடைப் பிரசங்கிகளா என்கிறார்கள். ஆக்லாந்தில் பேசிய அம்மையார் தன் தாய்மொழி அல்லாத பாஷையில், ஓடிக் களைத்த மூச்சோடு, இரண்டு வாக்கியத்தில் விஷயத்தை முடித்தார். அலங்காரம் வேண்டுமென்று யார் கேட்டார்கள்? அமெரிக்காவில் ஃபுட்பால் என்று பெயர் வைத்துக்கொண்டு பெரும்பாலும் கையால் ஆடும் ஆட்டம் ஒன்று இருக்கிறது. அதில் நடுவர்கள் 1975-லிருந்து மைக்கில் பேசிவருகிறார்கள். எந்த நடுவரும் நாக்குக் குழறி மூர்ச்சை போட்டு விழுந்ததாகத் தெரியவில்லை.

கூட்டம் கொதித்துவிடும் என்பது இன்னோர் ஆட்சேபம். சொன்னால் கொதிக்குமாம், சொல்லாமல் மூன்று நிமிஷம் நிற்க வைத்தால் குளிர்ந்திருக்குமாம். 2024 ஜூலையில் நார்வேயின் டிரோன்ஹைம் நகரத்தில் வீடியோ நடுவர் முறையையே எதிர்த்து ரஸிகர்கள் மைதானத்துக்குள் மீன் வடையும் டென்னிஸ் பந்தும் எறிந்து ஆட்டத்தையே கைவிடச் செய்தார்கள். தின்கிற பண்டத்தை எறிவது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் காது கேட்காத அதிகாரத்தோடு பேச அவர்களுக்கு அகப்பட்ட பாஷை அது. அதே ஆண்டு ஜூனில் பிரிமியர் லீகில் வுல்வ்ஸ் குழு இந்த முறையை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தது. 20 குழுக்களில் 19 எதிர்த்து வாக்களித்தன. தீர்மானம் தோற்றது சரிதான். ஆனால் மைதானத்தில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரியும்படி செய்வோம் என்று நிர்வாகஸ்தர்கள் உறுதி சொல்லவேண்டி வந்ததும் அந்தச் சந்தர்ப்பத்தில்தான். கேட்டவனுக்குக் கிடைக்கவில்லை, ஒழித்துவிடுவேன் என்று மிரட்டியபிறகு கொஞ்சம் கிடைத்தது.

ஆகவே மைக் வந்துவிட்டது, இனி என்ன குறை என்கிறீர்களா? குறை இருக்கிறது. பெரிய குறை. அதைச் சொல்வதற்கு 2023 செப்டம்பர் 30-ஆம் தேதிக்குப் போகவேண்டும்.

அன்றும் டாட்டன்ஹாம் மைதானம்; அன்றும் லிவர்பூல்தான் எதிரி. கோல் ஏதும் விழாத நிலையில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் பந்தை வலைக்குள் அடித்தார். துணை நடுவர் ஆஃப்சைட் என்று கொடி தூக்கினார். நடுவர் கோல் இல்லை என்றார். வீடியோ அறையில் இருந்தவர் படத்தைப் பார்த்தார். டியாஸ் ஆஃப்சைடில் இல்லை, கோல் நல்ல கோல் என்று சரியாகவே கண்டுபிடித்தார். ஆனால் ஒரு பிரமை. மைதானத்தில் கோல் என்றுதான் தீர்ப்பாகியிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்! ஆகவே 'சரிபார்த்தாயிற்று, எல்லாம் சரி' என்ற பொருளில் காதில் சொன்னார். மைதானத்து நடுவரோ, தாம் கொடுத்த ஆஃப்சைட் தீர்ப்பைத்தான் சரி என்கிறார் என்று எடுத்துக்கொண்டார். ஆட்டம் தொடர்ந்தது. படத்தை ஓட்டும் தொழிலாளி ஒருவர்தான் முதலில் விழித்துக்கொண்டு, இது சரிதானா என்று கேட்டார். அதற்குள் பந்து உதைத்தாயிற்று. விதிப்படி திரும்பிப் போக முடியாது என்று கைவிட்டுவிட்டார்கள். கடைசியில் டாட்டன்ஹாம் 2-1 என்று ஜெயித்தது. மூன்று நாள் கழித்து அந்த அறையின் பேச்சுப் பதிவை வெளியிட்டார்கள். உலகம் முழுவதும் கேட்டது, தலையில் அடித்துக்கொண்டது.

எல்லோரும் இதை ஓர் ஆளின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். எனக்கு அது அவ்வளவாகப் படவில்லை. கவனக்குறைவு யாருக்கும் வரும். அதைப் பிடிக்க அந்த ஏற்பாட்டில் ஏன் ஒருவரும் இல்லை என்பதல்லவா கேள்வி?

களத்துமேட்டில் நெல் அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தாத்தாவைக் கேளுங்கள். மரக்கால் பிடிக்கிறவன் வாயை மூடிக்கொண்டு அளக்கமாட்டான். ஒன்று என்று சொல்லாமல் 'லாபம்' என்று தொடங்கி, இரண்டு, மூன்று என்று ஊர் கேட்க எண்ணிக்கொண்டே போவான். ராகம் போட்டுச் சொல்வது அழகுக்காக என்று நினைப்பவர்கள் பட்டணத்துக்காரர்கள். ஒரு மரக்கால் தவறினால் எதிரே நிற்கும் குத்தகைக்காரன், "ஏனுங்க, ஏழு ஆச்சே, ஆறுங்கறீங்களே!" என்று அந்த நிமிஷமே பிடித்துவிடுவான். சத்தமாகச் சொல்வதுதான் அங்கே தணிக்கை. மனத்துக்குள் எண்ணுகிறவன் கணக்கைப் பத்திரத்தில் எழுதிய பிறகு யார் போய்க் கேட்பது?

டாட்டன்ஹாமில் அன்று நடுவர் மைக்கில், "சரிபார்த்தோம், ஆஃப்சைட், கோல் இல்லை" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த வாக்கியம் 60,000 பேர் காதில் விழுவதற்கு முன்னால் ஸ்டாக்லி பார்க் அறையில் இருந்தவர் காதில் விழுந்திருக்கும். "ஐயோ, நான் அப்படிச் சொல்லவில்லையே!" என்று அவர் துள்ளி எழுந்திருப்பார். பந்து இன்னும் தரையில்தான் இருந்திருக்கும். ரஸிகனுக்காகச் சொல்லும் வார்த்தை என்று தானதர்மம் மாதிரி பேசுகிறார்களே, அது அவர்களைக் காப்பாற்றும் வார்த்தை. 'சரி' என்ற ஒற்றைச் சொல்லுக்கு இரண்டு பேர் இரண்டு அர்த்தம் செய்துகொண்டதால் வந்த விபத்து அது. முழு வாக்கியத்துக்கு அந்த ஆபத்து இல்லை. வாக்கியத்தை விற்று ஜீவிக்கிறவன் சொல்கிறேன், நம்பலாம்.

அறைக்குள் அவர்கள் விவாதிப்பதையெல்லாம் ஒலிபெருக்கியில் விடவேண்டும் என்று நான் கேட்கவில்லை. சிலர் கேட்கிறார்கள். நீதிபதிகளும் தங்கள் அறையில் கலந்து பேசத்தான் செய்கிறார்கள். அந்தச் சுதந்திரம் இருக்கட்டும். ஆனால் கோர்ட்டுக் கூடும்போது வழக்கு இன்னது என்று முதலில் சொல்லி அழைப்பதும், முடிவில் தீர்ப்பை வாசிப்பதும் எந்த ஊர் நியாயத்திலும் உண்டு. பிரதிவாதி ஜெயித்தாலும் வாசிப்பார்கள், தோற்றாலும் வாசிப்பார்கள். 'கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்பு மாறவில்லை, ஆகவே வாசிக்கத் தேவையில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்' என்று எந்த மேல் கோர்ட்டாவது சொன்னதுண்டா?

பிரிமியர் லீக் 2025-26 பருவத்துக்கு வகுத்த ஏற்பாடு இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறது. நடுவர் ஓரத்துப் படப்பெட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் மைக்கில் பேசவேண்டும். ஆஃப்சைட் போன்ற விவகாரத்தில் தீர்ப்பு மாறினால் பேசவேண்டும். அறைக்குள்ளேயே பார்த்து, மாற்றவேண்டாம் என்று முடித்த சங்கதிகளுக்கு அறிவிப்புக் கிடையாது. டியாஸ் அடித்த அந்தக் கோல் அதே மைதானத்தில், அதே மாதிரி, இன்னொரு தரம் விழுந்து, அதே மாதிரி இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டால், இந்த ஏற்பாட்டின்படி நடுவர் மைக்கைத் தொடவேண்டிய அவசியமே இல்லை. தீர்ப்புத்தான் மாறவில்லையே!